கெரிட் கமாண்டு ஆவணங்களைச் சீர்செய்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

கோட் மாற்றங்களை ரிவ்யூ செய்ய உதவும் கெரிட் என்றாலே பலருக்கு +2, -1 போடும் வெப் பக்கம்தான் நினைவுக்கு வரும். அதே சர்வர் 29418 என்ற போர்ட்டில் எஸ்எஸ்ஹெச் வழியாகவும் கமாண்டுகளை வாங்கிக்கொள்ளும். ரிவ்யூ மதிப்பெண் போடுவது, ப்ராஜெக்ட் உருவாக்குவது, கேஷ் காலி செய்வது, நடப்பதை நடக்க நடக்கப் பார்ப்பது என எல்லாவற்றுக்கும் கமாண்டு உண்டு. ஒவ்வொரு கமாண்டுக்கும் ஓர் ஆவணப் பக்கமும் உண்டு. அந்தப் பக்கங்களில் எடுத்துக்காட்டு பழசாகியிருக்கும், ஆப்ஷன் விட்டுப்போயிருக்கும், பத்தி இடம் மாறிக் கிடக்கும். அப்படிப்பட்டதைத் திருத்தி அனுப்புவது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன். ஜாவா தெரியாமலே கெரிட்டுக்குப் பங்களிக்க இதைவிட நல்ல வாசல் கிடையாது.

கிட், எஸ்எஸ்ஹெச் கீ, டெர்மினல் மூன்றும் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சோர்ஸை இறக்குங்கள்

கெரிட் ரெப்போவை சப்மாட்யூல்களோடு சேர்த்து க்ளோன் செய்யுங்கள். உள்ளே டாக்குமென்டேஷன் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் ‘சிஎம்டி-’ என்று தொடங்கும் ஃபைல்கள்தான் நமக்கு வேண்டியவை. எல்லாம் ஆஸ்கிடாக் என்ற, எளிய குறிகளால் பக்க அமைப்பைச் சொல்லும் வடிவில் எழுதப்பட்டவை. எந்த ஃபைலைத் திறந்தாலும் பெயர், சுருக்க வடிவம், விளக்கம், யாருக்கு அனுமதி, ஸ்கிரிப்டில் பயன்படுத்தலாமா, ஆப்ஷன்கள், எடுத்துக்காட்டுகள் என்ற வரிசைதான் பெரும்பாலும் இருக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். உங்களுக்கு வேறு வரிசை அழகாகப் பட்டாலும் சரி.

படி 2: எது உண்மை என்று சர்வரிடம் கேளுங்கள்

ஆவணத்தை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. கமாண்டின் பின்னால் --ஹெல்ப் போட்டால் வரும் பட்டியல் ஜாவா கோடிலிருந்தே நேராக எடுக்கப்படுகிறது. ஆகவே அதுதான் அளவுகோல். பக்கத்தில் உள்ள ஆப்ஷன்களை ஒரு பக்கமும் --ஹெல்ப் தந்ததை மறுபக்கமும் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

இதற்கு அலுவலக சர்வரைப் பயன்படுத்த வேண்டாம். உங்கள் கணினியிலேயே கெரிட்டின் வார் ஃபைலை (முழு சர்வரும் அடங்கிய ஜாவா தொகுப்பு) இனிட் கமாண்டோடு, --டெவ் ஆப்ஷன் சேர்த்து ஓட்டினால் சோதனை சர்வர் ஒன்று எழுந்துவிடும். அலுவலக சர்வரின் பதிப்பு பழையதாக இருக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ரிவ்யூ கமாண்டின் ஆப்ஷன்களில் சில, சர்வரில் அமைத்திருக்கும் லேபிள்களிலிருந்தே, அதாவது மதிப்பெண் வகைகளிலிருந்தே, உருவாகின்றன. உங்கள் நிறுவனம் ‘செக்யூரிட்டி’ என்று ஒரு லேபிள் வைத்திருந்தால் --ஹெல்ப்பில் --செக்யூரிட்டி என்று ஓர் ஆப்ஷன் தெரியும். அது ஊருக்கெல்லாம் பொதுவான ஆப்ஷன் இல்லை. அதை ஆவணத்தில் சேர்த்து அனுப்பினால் ரிவ்யூவில் உடனே திரும்பி வரும்.

படி 3: எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பாருங்கள்

ஆவணம் படிக்க வருபவர்கள் விளக்கத்தைப் படிப்பதில்லை. எடுத்துக்காட்டை காப்பி செய்து ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் பக்கத்திலிருந்தே காப்பி செய்து டெர்மினலில் ஒட்டிப் பாருங்கள். கையால் அடிக்காதீர்கள். அடிக்கும்போது விரல்கள் தாமாகவே தவறைச் சரிசெய்துவிடும்.

மேற்கோள் குறிகளில் தனிக் கவனம் வேண்டும். ரிவ்யூ கமாண்டில் -எம் போட்டு “பில்ட் சக்ஸஸ்ஃபுல்” என்று இரட்டைக் குறிக்குள் எழுதினால், அந்தக் குறிகளை உங்கள் ஷெல்லே விழுங்கிவிடும். சர்வருக்குப் போவது வெறும் இரண்டு சொற்கள். முதல் சொல் செய்தியாகிவிடும். இரண்டாவதை ஒரு பேட்ச் செட் (ஒரு மாற்றத்தின் ஒரு பதிப்பு) என்று நினைத்து சர்வர் தேடும், கிடைக்காமல் பிழை சொல்லும். வெளியே ஒற்றைக் குறி, உள்ளே இரட்டைக் குறி என்று இரண்டு அடுக்காகப் போட்டால்தான் முழுச் செய்தியும் போய்ச் சேரும். எடுத்துக்காட்டில் இந்த இரண்டடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இது ஓடவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், அங்கே ஒற்றைக் குறிக்கு மதிப்பில்லை. வெளியே இரட்டைக் குறி போட்டு, உள்ளே வரும் இரட்டைக் குறிகளுக்கு முன் பின்சாய்வுக் கோடு இடுங்கள். புட்டியின் எஸ்எஸ்ஹெச் கமாண்டான ப்ளிங்க் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: போர்ட்டைச் சொல்ல அங்கே பெரிய எழுத்து ‘பி’. சாதாரண எஸ்எஸ்ஹெச்சில் சிறிய எழுத்து. ஃபைல் நகலெடுக்கும் எஸ்சிபியில் மறுபடியும் பெரிய எழுத்து, ஏனென்றால் அங்கே சிறிய ‘பி’ ஃபைலின் நேரத்தையும் அனுமதிகளையும் காப்பாற்றும் வேறு வேலைக்குப் போய்விட்டது.

எஸ்சிபி என்றதும் சொல்ல வேண்டியது இது. கமிட் செய்தியில் சேஞ்ச்-ஐடி என்ற அடையாள வரியைச் சேர்க்கும் கமிட் ஹூக்கை சர்வரிலிருந்து எடுக்க எஸ்சிபி கமாண்டு ஒன்றை எல்லோரும் பரப்பி வைத்திருக்கிறோம். 2022 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.0 முதல் எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறைக்கு மாறிவிட்டது. அதை கெரிட்டின் எஸ்எஸ்ஹெச் ஏற்காததால் பழைய கமாண்டு பிழையோடு நின்றுவிடும். பெரிய எழுத்து ‘ஓ’ ஆப்ஷனைச் சேர்த்தால் பழைய முறைக்குத் திரும்பி வேலை செய்யும். ஆனால் மிகப் பழைய கணினிகளில் அந்த ‘ஓ’வே தெரியாது. உங்கள் குழு ஆவணங்களில் நான் பரிந்துரைப்பது கர்ல்தான். டூல்ஸ், ஹூக்ஸ் என்ற பாதையில் சர்வர் அதே ஃபைலை ஹெச்டிடிபியிலும் தருகிறது. இறக்கிய பிறகு சிஹெச்மாட் போட்டு ஓடும் அனுமதி கொடுக்க மறக்காதீர்கள், கர்ல் அதைச் செய்து தராது.

படி 4: ஆப்ஷன் பட்டியலும் அந்தக் கூட்டல் குறியும்

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்த இடம்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆஸ்கிடாக்கில் ஓர் ஆப்ஷனை எழுதும் முறை இது: முதல் வரியில் --ஓனர், அதை ஒட்டி இரண்டு முக்காற்புள்ளிகள். சுருக்கம் இருந்தால் அடுத்த வரியில் -ஓ, மறுபடியும் இரண்டு முக்காற்புள்ளிகள். அதற்கடுத்த வரியில் ஒரு டேப் விட்டு விளக்கம். இதுவரை சிக்கல் இல்லை.

விளக்கத்துக்கு இரண்டாவது பத்தி தேவைப்படும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. ஒரு வெற்று வரி விட்டு, இடது ஓரத்திலிருந்து எழுதினால் பட்டியல் அந்த இடத்தில் முடிந்துவிடும். உங்கள் பத்தி ஆப்ஷனை விட்டு வெளியே போய் நிற்கும். சரி, டேப் விட்டு எழுதலாமே என்றால், ஆஸ்கிடாக் அதை கோட் என்று எண்ணி மாறா அகல எழுத்தில், பெட்டி கட்டிக் காட்டும். இரண்டும் பிழை. ஆனால் இரண்டிலுமே எடிட்டரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும்.

சரியான வழி: வெற்று வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு + குறியை மட்டும் தனி வரியாக வையுங்கள். அடுத்த வரியில், டேப் இல்லாமல், இடது ஓரத்திலிருந்தே பத்தியைத் தொடங்குங்கள். + போட்டுவிட்டு டேப்பும் விட்டால் மறுபடியும் பெட்டிதான். ஆப்ஷனுக்குள் எடுத்துக்காட்டு கோட் வேண்டுமென்றாலும் இதே +, பிறகு நான்கு ஹைஃபன்களால் தொடங்கி நான்கு ஹைஃபன்களால் முடியும் கட்டம்.

ஹைஃபன்களைப் பற்றியும் எச்சரிக்கை. கிட் கமாண்டுகளில் இருபுறமும் இடைவெளி விட்டு வரும் இரட்டை ஹைஃபனை, சாதாரண பத்தியில் ஆஸ்கிடாக் ஒரு நீளக் கோடாக மாற்றிவிடும். பார்க்க அழகு. காப்பி செய்து ஒட்டினால் கிட்டுக்கு அது என்னவென்றே புரியாது. மூன்று புள்ளிகளும் ஒரே எழுத்தாகிவிடும். ஆகவே முழு கமாண்டு எதுவானாலும் பத்திக்குள் நுழைக்காமல் நான்கு ஹைஃபன் கட்டத்துக்குள் வையுங்கள். சுருக்க வடிவப் பகுதியில் மட்டும் ‘வெர்ஸ்’ என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 5: பக்கமாக்கிப் பாருங்கள்

முறையான வழி, பேஸலிஸ்க் என்ற பில்ட் கருவி கொண்டு டாக்குமென்டேஷனின் ‘சர்ச்ஃப்ரீ’ இலக்கை பில்ட் செய்வது. முடிவில் எல்லாப் பக்கங்களும் ஒரு ஜிப் ஃபைலில் கிடைக்கும். முதல் முறை நிறையவற்றை இறக்கும், பொறுமை வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது நான் அதைத் தொடுவதேயில்லை. ஆஸ்கிடாக்டரை நிறுவி, கையில் உள்ள ஒரு ஃபைலை மட்டும் அதற்குக் கொடுத்தால் கண்சிமிட்டும் நேரத்தில் ஹெச்டிஎம்எல் வந்துவிடும். எடிட்டருக்குள் வரும் ப்ரிவ்யூ ப்ளகின்களை நான் நம்புவதில்லை, டேப் விஷயத்தில் ஆளுக்கொரு மாதிரி காட்டுகின்றன. பக்கத்தின் கடைசியில் ‘சர்ச்பாக்ஸ்’ என்று ஒரு சொல் தனியாக நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். தேடலோடு வரும் பில்ட் அந்த இடத்தில் தேடல் பெட்டியைப் பொருத்தும், ‘சர்ச்ஃப்ரீ’ பில்ட் அந்தச் சொல்லை நீக்கிவிடும். அழித்துவிடாதீர்கள். அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு முறை முழு பில்ட், பிறகு பக்கத்தில் உள்ள எல்லா இணைப்புகளையும் கிளிக் செய்து பார்த்துவிடுங்கள். இணைப்புகள் ஹெச்டிஎம்எல் பெயரைச் சுட்டுவதால் தனி ஃபைலை வைத்துச் சோதிக்க முடியாது.

படி 6: அனுப்புங்கள்

இடைவெளி, வரி உடைப்பு போன்ற ஒப்பனைத் திருத்தங்கள் ஒரு கமிட், பொருள் மாறும் திருத்தங்கள் இன்னொரு கமிட். இதில் நான் பிடிவாதக்காரன். இரண்டையும் கலந்தால் ரிவ்யூ செய்பவர் நூறு டேப் மாற்றங்களுக்கு நடுவே ஒரு புதிய ஆப்ஷனைத் தேட வேண்டும்.

கூகுளின் சிஎல்ஏ என்ற பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தில் ஒரு முறை கையெழுத்திட வேண்டும். கமிட் செய்தியின் அடியில், ஹூக் சேர்க்கும் சேஞ்ச்-ஐடியோடு, ‘ரிலீஸ்-நோட்ஸ்: ஸ்கிப்’ என்ற வரியையும் சேருங்கள், ஆவணத் திருத்தத்துக்கு அது போதும். திருத்தச் சொன்னால் புதிய கமிட் போடாமல் அமென்ட் செய்து மறுபடி புஷ் செய்யுங்கள். சேஞ்ச்-ஐடி மாறாதவரை அது அடுத்த பேட்ச் செட்டாகப் போய்ச் சேரும்.

பின்சேர்க்கை 2: “திருத்தம் மெர்ஜ் ஆகிவிட்டது, எங்கள் சர்வரில் இன்னும் பழைய பக்கம்தான் தெரிகிறது” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு கெரிட் சர்வரும் தன் பதிப்போடு வந்த ஆவணங்களைத்தான் காட்டும். மாஸ்டரில் செய்த திருத்தம் அடுத்த பெரிய வெளியீட்டில்தான் வரும். உங்கள் சர்வரின் பதிப்பை ‘கெரிட் வெர்ஷன்’ கமாண்டால் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிப்புக்கு இன்னும் ஆதரவு இருந்தால், அதற்குரிய ஸ்டேபிள் கிளைக்கே திருத்தத்தை அனுப்புங்கள். அங்கிருந்து மாஸ்டர் வரை மெர்ஜ் செய்து மேலே கொண்டுபோவது அந்த ப்ராஜெக்ட்டின் வழக்கம், இரண்டு முறை அனுப்பத் தேவையில்லை.