செவன் சிஸ்டர்ஸ்: கார் இல்லாமல் ஒரு நாள், கையில் ஒரு நல்ல படம்

லண்டனிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்ப ஒரே ஓர் இடம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் பதில் செவன் சிஸ்டர்ஸ்தான். சஸெக்ஸ் கடற்கரையில் அலை அலையாக ஏறி இறங்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். பெயரில்தான் ஏழு. எண்ணிப் பார்த்தால் எட்டாவதாக ஒரு சின்னத் தங்கையும் நிற்பாள்.

1. முதலில் வெளிச்சம், அப்புறம் டிக்கெட்

முதல் தடவை ஆர்வக்கோளாறில் காலை பத்து மணிக்கே போய் நின்றேன். பாறையின் முகம் தென்மேற்குப் பக்கம் பார்க்கிறது. காலை வெயில் அதன் முதுகில்தான் விழும். எனக்குக் கிடைத்தது சாம்பல் நிறச் சுவர். அதனால் மதியத்துக்கு மேல் அங்கே இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஜூனில் இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும், மாலை ஆறு மணி வெயில் அருமையாக இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியன் போய்விடும், ஒரு மணிக்கே தயாராக நில்லுங்கள்.

2. போகும் வழி

விக்டோரியா ஸ்டேஷனில் ஏறி, லூயிஸில் மாறி, சீஃபர்டில் இறங்குங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் சீஃபர்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் கடையை நம்பாதீர்கள்.

3. நடை

கடற்கரைக்கு வந்து, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு சீஃபர்ட் ஹெட் மேட்டில் ஏறுங்கள். படம் எடுக்கும் இடம் வரை சுமார் 5 கிலோமீட்டர். கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், ஆடு மாடு மேயும் இடம். விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். நாம் நிற்கும் புல்தரைக்குக் கீழே பாறை ஏற்கெனவே குடைந்து போயிருக்கலாம். முன்னறிவிப்பு இல்லாமல் சரியும். செல்ஃபிக்காக ஓரத்தில் உட்காருபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும்.

4. படம்

இறக்கத்தில் பழைய கடலோரக் காவலர் வீடுகள் தெரியும். அந்தச் சரிவில் நின்றால் இடது பக்கம் வீடுகள், பின்னால் வெள்ளைப் பாறைகள், வலது பக்கம் கடல். எல்லாரும் எடுக்கும் படம்தான், வெட்கப்படாமல் எடுங்கள்.

புதியவர்கள் இங்கே இரண்டு தப்பு செய்வார்கள். ஒன்று, முழுக் காட்சியும் வேண்டும் என்று அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் எடுப்பது. பாறை நூல் மாதிரி மெலிந்துவிடும். போனில் 2x அல்லது 3x லென்ஸுக்குப் போங்கள். கேமராவில் 70 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ். வீடும் பாறையும் நெருங்கி வந்து நிற்கும்.

இரண்டாவது தப்பு வெளிச்ச அளவு. புல்லும் கடலும் இருட்டாக இருப்பதால் கேமரா படம் முழுவதையும் வெளுப்பாக்கிவிடும், பாறை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். போன் திரையில் பாறையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை −0.3-இல் ஆரம்பித்து −1 வரை குறைத்துப் பாருங்கள். சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: படத்தைப் பெரிதாக்குங்கள். பாறையில் படுக்கைவாட்டில் கறுப்பாக ஓடும் சிக்கிமுக்கிக் கல் வரிகள் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் இன்னும் குறையுங்கள். புல் இருண்டு போனதே என்று கவலை வேண்டாம், வீட்டில் எடிட் செய்யும்போது அதன் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வெளுத்துப்போன வெள்ளையை மீட்க முடியாது.

கடற்காற்று லென்ஸில் உப்பு படிய வைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

5. திரும்பும்போது

எதிர்ப் பாறை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரித் தோன்றும். நடுவில் குக்மியர் ஆறு ஓடுகிறது, இறங்கிக் கடக்க முயலாதீர்கள். கரையோடு உள்பக்கமாக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் எக்ஸீட் பாலம் வரும். மழைக்குப் பிறகு இந்தப் பாதை முழுக்கச் சேறு. நல்ல ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எக்ஸீட்டில் 12-ஆம் நம்பர் பஸ் பிடித்தால் சீஃபர்ட் ஸ்டேஷன். பஸ்ஸுக்கு நேரமும் வானத்தில் கொஞ்சம் வெளிச்சமும் இருந்தால், பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மேட்டில் ஏறிப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றை நேராக வெட்டித் திருப்பிவிட்டதால், பழைய வளைவுகளில் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடக்கும். காற்று ஓய்ந்த சாயங்காலத்தில் வானம் முழுவதும் அந்த வளைவுகளுக்குள் இறங்கியிருக்கும். அதற்கு மட்டும் வைட் லென்ஸை எடுங்கள்.