அருவி பாலாக வழிய வேண்டுமா? ஷட்டரை மெதுவாக்குங்கள்

குற்றாலத்துக்குப் போனால் அருவியைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆட்டோவில் விட்டால், நல்ல வெயிலில் கேமரா வேகமான ஷட்டரையே (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு சட்டென்று திறந்து மூடுவதை) தேர்ந்தெடுக்கும். தண்ணீர் கண்ணாடித் தூளாக உறைந்து நிற்கும். துளி தெறிப்பதுதான் வேண்டும் என்றால் ஷட்டரை 1/1000 நொடியில் வையுங்கள், தப்பில்லை. பால் ஊற்றியதுபோல் வழிய வேண்டுமென்றால், ஷட்டர் வேகத்தை நாமே தேர்ந்தெடுக்க டயலை நிகான், சோனியில் 'எஸ்'ஸுக்கும் (S) கேனானில் 'டிவி'க்கும் (Tv) திருப்பி, 1/4 முதல் 1 நொடிக்குள் முயன்று பாருங்கள்.

சிக்கல் இங்கேதான். ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருந்தால் வெளிச்சமும் கூடுதலாக உள்ளே வரும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறன்) 100 என்றும் லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக எஃப்/16 என்றும் வைத்தாலும் சரியான வேகம் சுமார் 1/100 நொடிதான். அரை நொடி திறந்தால் படம் வெளிறிப்போகும். லென்ஸின் முன்னால் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) மாட்டினால் வெளிச்சம் 64-ல் ஒரு பங்காகக் குறையும். அதே இடத்தில் அரை நொடிக்கு மேலேயே தாராளமாக வைக்கலாம். ஃபில்டர் இல்லையா? விடியும்போதே போய்விடுங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும் (சீசனில் அதற்கு நான் பொறுப்பில்லை).

டிரைபாட் கட்டாயம். பட்டனை அழுத்தும் விரலே கேமராவை அசைத்துவிடும் என்பதால் 2 நொடி டைமர் போட்டுவிடுங்கள். குளிப்பவர்கள் புகையாகத் தெரிவார்கள்; எனக்கு அதுவும் பிடிக்கும். அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸைப் பாருங்கள், சாரல் படிந்திருக்கும். துடைக்க ஒரு மெல்லிய துணியைப் பையிலேயே வைத்திருங்கள்.