வெள்ளைப்படுதலுக்குச் சீன மூலிகை: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பூஞ்சணம் பிடித்த சரக்கை வாங்காதே, அளவைக் கண்ணால் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தவறுகிற இடங்கள் வேறு.

எல்லாவற்றுக்கும் லோங் தான் ஷியே கான்

வெள்ளைப்படுகிறது என்றதுமே 'ஈரச்சூடு' (சீன மருத்துவத்தில் ஈரமும் சூடும் சேர்ந்த கோளாறு) என்று முடிவுகட்டி, லோங் தான் ஷியே கான் என்னும் கசப்புக் கஷாயத்தை எழுதிவிடுகிறார்கள். மஞ்சளாக, கெட்டியாக, நாற்றத்தோடு படும்போது, வாய்க்கசப்பும் நாக்கில் மஞ்சள் படிவும் இருந்தால்தான் அது. வெளுத்து நீர்த்துப் பட்டு ஆள் சோர்ந்திருந்தால் இந்தக் கசப்பு வயிற்றைக் கெடுக்கும். அதற்கு 17ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஃபூ சிங்ஷூவின் வான் தாய் தாங் கஷாயம் இருக்கிறது: பாய் ஷூ (அட்ராக்டிலோடிஸ் கிழங்கு) 30 கிராம், ஷான் யாவ் (சீன வள்ளிக்கிழங்கு) 30 கிராம், சென் பீ (காய்ந்த ஆரஞ்சுத் தோல்) வெறும் 1.5 கிராம். அந்த ஏற்றத்தாழ்வில்தான் வேலை நடக்கிறது. சென் பீயைக் கூட்டாதீர்கள். இதில் சேரும் சே ச்சியென் ஸு இசப்கோல் இனத்து விதை. துணியில் முடிந்து போடாவிட்டால் கஷாயம் கொழகொழத்துவிடும்.

மூ தோங்

இதைத்தான் பொறுக்க முடியவில்லை. லோங் தான் ஷியே கானில் சேரும் மூ தோங், அகேபியா கொடியின் தண்டு. அந்தப் பெயரில் பல காலம் கடைகளில் விற்றது குவான் மூ தோங் என்னும் அரிஸ்டோலோகியா. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கித் தழும்பாக்கும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். வலி இருக்காது. இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டவேண்டிய கழிவு) ஏறிய பிறகுதான் தெரியவரும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததும் இதே இனத்தால்தான். அங்கே ஃபாங் ஜி வேருக்குப் பதில் அரிஸ்டோலோகியா வேர் கலந்திருந்தது. சீனா 2003இல் குவான் மூ தோங்கைத் தடைசெய்தது. ஆனாலும் பழைய பட்டியலைப் பார்த்து 'மூ தோங் 6 கிராம்' என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தாவரவியல் பெயரோடு எழுதுங்கள். அரிஸ்டோலோகிக் அமிலம் இல்லை என்ற ஆய்வுச் சான்றைக் கேளுங்கள். கிடைக்கவில்லையா, மூ தோங்கை விட்டுவிடுங்கள். நீர் பிரிக்கச் சே ச்சியென் ஸுவும் ஸே ஷியே கிழங்கும் அதே கஷாயத்தில் இருக்கின்றன. நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோகியாதான். 'நாட்டு மருந்துதானே' என்று மாற்றிப் போடாதீர்கள்.

சோதனை இல்லாமல்

கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்றில் பிறப்புறுப்பின் அமிலத்தன்மை பெரும்பாலும் மாறாது. அமில அளவான பி.ஹெச். 4.5ஐத் தாண்டி மீன்வாடையும் வந்தால் அது பாக்டீரியாவாகவோ டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியாகவோ இருக்கலாம். டிரைக்கோமோனாஸ் என்றால் மெட்ரோனிடசோல் மாத்திரை, கணவருக்கும் சேர்த்து. கஷாயத்தில் நாள் கடத்தக் கூடாது.

உள்ளே பீய்ச்சிக் கழுவுதல்

கூ ஷென், ஷே சுவாங் ஸு ஆகிய மூலிகைகளின் கஷாயம் வெளியே கழுவ மட்டும், அதுவும் ஆறிய பிறகு. உள்ளே பீய்ச்சினால் காக்கும் லாக்டோபேசிலஸ் என்னும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

பூண்டுப் பல்

உள்ளே வைக்காதீர்கள். புண்ணாகும்.

காய்ச்சல், அடிவயிற்று வலி, கர்ப்பம்

மூலிகை வேண்டாம், மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள்.