நியூசிலாந்துப் பண்ணையில் முயலைக் கட்டுப்படுத்த முதல் ரைஃபிள்: குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

நியூசிலாந்தின் தென்தீவில், சென்ட்ரல் ஒடாகோ பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறீர்களா? அல்லது அங்கே ஆட்டுப் பண்ணையிலோ திராட்சைத் தோட்டத்திலோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் முயல் தொல்லை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மழை குறைந்த, வறண்ட மலைச்சரிவு முயலுக்கு ரொம்பவே ஒத்துப்போகிற இடம். பத்துப் பன்னிரண்டு முயல் சேர்ந்தால் ஓர் ஆடு தின்கிற புல்லைத் தின்றுவிடும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இளம் திராட்சைக் கொடியின் பட்டையையும் கடித்துவிடும்.

துப்பாக்கியையே தொட்டிராத ஒருவர், கையைக் கடிக்காத விலையில் ஒழுங்கான சின்ன ரைஃபிள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது நியூசிலாந்துக்கான விளக்கம். நம் ஊர்க் காட்டு முயல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. இந்தியாவில் துப்பாக்கி உரிமத்துக்கான விதிகளும் வேறு. அதனால் இதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

படி 1: கடைக்குப் போகுமுன் நிலத்தைச் சுற்றி வாருங்கள்

முயல் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நியூசிலாந்தில் ‘மெக்லீன் அளவுகோல்’ என்று ஒன்று உண்டு. 1 முதல் 8 வரை போகும். தரையில் கிடக்கும் புழுக்கைக் குவியலைப் பார்த்தே கணக்கிடலாம். குவியல்கள் சராசரியாகப் பத்து மீட்டரோ அதற்கு மேலோ தள்ளித் தள்ளிக் கிடந்து, எப்போதாவது ஒரு முயல் கண்ணில் பட்டால் அது 3. ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் குவியல்கள் இருந்தால் 4. ஒடாகோ வட்டார மன்றத்தின் விதிப்படி, நிலத்துக்காரர் தன் நிலத்தை 3-க்கு மேல் போகவிடக் கூடாது.

இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், 5, 6 என்று ஏறிவிட்ட நிலத்தில் ஒற்றை ரைஃபிள் ஒன்றும் செய்யாது. நீங்கள் சுடுகிற வேகத்தை விட முயல் குட்டி போடுகிற வேகம் அதிகம். அந்த நிலைமையில் முதலில் நஞ்சிரை வைக்கும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். குறைந்ததை மறுபடி ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான் ரைஃபிளின் வேலை. 1950-களின் தொடக்கத்தில் முயலைக் கொல்லும் மிக்சோமடோசிஸ் நோயைப் பரப்பிப் பார்த்தார்கள். அதைச் சுமந்து செல்லும் பூச்சி அங்கே இல்லாததால் பலிக்கவில்லை. 1997-ல் சிலர் சட்டவிரோதமாகக் கொண்டுவந்து விட்ட, முயலைக் கொல்லும் காலிசி வைரஸ் கொஞ்ச காலம் கைகொடுத்தது. அப்புறம் முயல்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. 2018-ல் அதிகாரபூர்வமாகவே அதன் இன்னொரு வகையை விட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் முயல் இருக்கிறது. ஆகவே ஒரே வழியை நம்பி இறங்காதீர்கள்.

நடக்கும்போதே இன்னும் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக முயல் எவ்வளவு தூரத்தில் தென்படுகிறது? அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது: மண்மேடா, பாறையா, பக்கத்து வீடா, சாலையா? கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டு பதில்களைப் பொறுத்தது.

படி 2: லைசென்ஸ்

பதினாறு வயது நிரம்பியவர் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, நேரில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி, உங்களை நன்கு அறிந்தவர்களின் வாக்குமூலம், துப்பாக்கியை வைக்கப்போகும் பெட்டியைச் சரிபார்ப்பது என்று பல கட்டம் உண்டு. மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு சட்டம் மிகவும் இறுகியது. தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிள்களில் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டன. 2020 டிசம்பர் முதல் தோட்டா வாங்கவே லைசென்ஸ் காட்ட வேண்டும். 2023 ஜூனில் துப்பாக்கிப் பதிவேடும் தொடங்கியது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், வாங்கும் வாரத்தில் அதிகாரபூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரும்புப் பெட்டியின் செலவையும் உங்கள் பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள். முதல்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற கணக்கு அது.

படி 3: எந்தத் தோட்டா?

ரைஃபிளுக்கு முன்னால் தோட்டாவை முடிவு செய்யுங்கள். சிறு உயிர்களுக்கு அங்கே புழங்குபவை மூன்று. பெயரில் உள்ள எண், குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்கிறது.

.22 எல்.ஆர்.: 1887-லிருந்து இருக்கும் தோட்டா. குண்டின் எடை சுமார் 2.6 கிராம். இதிலேயே ‘சப்சானிக்’ வகையை எடுத்தால் குண்டு நொடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியை விட மெதுவாகப் போகும். அதனால் காற்றைக் கிழிக்கும் ‘பட்’ என்ற வெடிச்சத்தம் வராது. ஒரு முயல் விழுந்தாலும் பக்கத்தில் மேய்வது ஓடாமல் நிற்கும். விலையும் மூன்றில் இதுதான் குறைவு. 50 முதல் 70 மீட்டர் வரைக்கும் இதை நம்பலாம்.

.22 மேக்னம்: அதே விட்டம், கூடுதல் வெடிமருந்து. 100 மீட்டரைத் தாண்டியும் வேலை செய்யும், போசம் என்ற மரமேறும் பிராணிக்கும் நல்லது. சத்தம் அதிகம், தோட்டா விலையும் அதிகம்.

.17 ஹெச்.எம்.ஆர்.: 2002-ல் வந்தது. ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான சின்னக் குண்டு நொடிக்கு 770 மீட்டருக்கு மேல் பாயும். 150 மீட்டர் வரை பாதை கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். காற்றடித்தால் ஒதுங்கும். தோட்டா விலை .22 எல்.ஆர். விலையைப் போலப் பல மடங்கு.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: புதியவருக்கு .22 எல்.ஆர். போதும். சுடப் பழக நிறையத் தோட்டா செலவாகும். விலை குறைந்த தோட்டா இருந்தால்தான் மனம் தயங்காமல் பழகுவீர்கள். உங்கள் நிலம் திறந்த சமவெளி, முயல் எப்போதும் 100 மீட்டருக்கு அப்பால்தான் நிற்கிறது என்றால் மட்டும் .17 பக்கம் போங்கள்.

படி 4: எந்த வகை ரைஃபிள்?

கையால் இழுத்துத் தள்ளும் ‘போல்ட்’ வகையை வாங்குங்கள். பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்காத, தானாகத் தோட்டா ஏறும் .22 ரைஃபிளுக்கு நியூசிலாந்தில் இன்னும் அனுமதி உண்டு. ஆனால் சப்சானிக் தோட்டாவில் அது சில நேரம் ஒழுங்காக இயங்காது. அதை விட முக்கியம், போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் தோட்டா அறை காலியா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

விலை குறைந்த வரிசையில் சீனத் தயாரிப்பான நோரிங்கோ ஜே.டபிள்யூ.-15 அந்த ஊர்ப் பண்ணைகளில் நிறையவே உண்டு. பழைய செக் நாட்டு ப்ர்னோ ரைஃபிளைப் பார்த்துச் செய்தது. மரக்கட்டையின் மெருகு சுமார்தான், ட்ரிகரும் கொஞ்சம் கரடு. ஆனாலும் சுடுவதில் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் சாவேஜ், ரூகர் அமெரிக்கன் போன்றவை. இன்னும் கொஞ்சம் கூட்டினால் சி.இசட். 457. பணம் இருந்தால் சி.இசட். வாங்குங்கள், உங்கள் பிள்ளை காலம் வரை வரும். இல்லையென்றால் பழைய நோரிங்கோவை வாங்கி மிச்சத்தை ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்குப் போடுங்கள்.

குழல் நீளமாக இருந்தால்தான் நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. .22-ல் உள்ள மருந்து 40 செ.மீ. குழலுக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும். ஆகவே குட்டைக் குழலே போதும். சத்தத்தைக் குறைக்கும் சப்ரசரை முனையில் மாட்டினாலும் வண்டிக்குள் இடிக்காது.

படி 5: பழைய ரைஃபிளைச் சோதிப்பது

காசு மிச்சமாவதும் இங்கேதான், வீணாவதும் இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

முதலில் தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துக் காலி என்று உறுதி செய்யுங்கள். பிறகு போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுங்கள். பின்பக்கத்தில் கண்ணை வைத்து, முன்பக்கம் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து வெளிச்சம் வாங்கிக் குழலுக்குள் பாருங்கள். சுருள் கோடுகள் கூர்மையாக, பளபளவென்று தெரிய வேண்டும். வெறும் கருப்பு அழுக்கு என்றால் துடைத்தால் போய்விடும். துடைத்த பின்னும் புள்ளிப் புள்ளியாகக் குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

அடுத்து, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். .22 தோட்டாவில், அதை வெடிக்க வைக்கும் ஊசி அடிப்பது நடுவில் இல்லை, ஓரத்தில். தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிகரை இழுத்து விளையாடியிருந்தால், சில ரைஃபிள்களில் ஊசி அந்த விளிம்பையே குத்திச் சின்னப் பள்ளம் போட்டிருக்கும். நகத்தை வைத்துத் தடவினால் தட்டுப்படும். அந்தப் பள்ளம் இருந்தால் தோட்டா ஏறுவதிலும் வெளியே வருவதிலும் சிக்கல் வரும்.

குழலின் முன்முனையைச் சுற்றிலும் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே சின்ன நசுங்கல் இருந்தால்கூடக் குறி சிதறும். முனையில் சப்ரசர் மாட்ட மரை வெட்டியிருக்கிறதா, மரையின் அளவு என்ன என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று அளவுகள் புழக்கத்தில் உண்டு. மாறிப்போனால் சப்ரசர் ஏறாது.

பிறகு போல்ட்டைத் திரும்பப் போட்டு, விற்பவர் சம்மதத்தோடு பாதுகாப்புப் பூட்டைச் சோதியுங்கள். குழலைப் பத்திரமான திசையில் பிடித்து, பூட்டைப் போட்டு ட்ரிகரை அழுத்தி விடுங்கள். விரலை வெளியே எடுத்துவிட்டுப் பூட்டைத் திறங்கள். அந்த நேரம் ‘டக்’ என்று ஊசி விழுந்தால் அந்த ரைஃபிள் ஆபத்தானது. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

மேகசின் இரண்டு இருந்தால் நல்லது. பழைய ரைஃபிளில் மேகசின் தொலைந்திருந்தால், மாற்று கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள்.

படி 6: ஸ்கோப், சப்ரசர்

ஸ்கோப்புக்குப் பெரிய உருப்பெருக்கம் வேண்டாம். நிலையான 4 மடங்கு அல்லது 3–9 போதும். ‘ரிம்ஃபயர்’ (.22 போல ஓரத்தில் ஊசி அடிக்கும் தோட்டா வகை) என்று குறித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப் 100 மீட்டருக்கும் அதற்கு மேலும் அமைத்தது. கிட்டத்தில் பார்க்கும்போது கண் லேசாக நகர்ந்தாலே குறியும் நகர்வதுபோல் தெரியும். ரைஃபிளின் மேல் உள்ள தண்டவாளம் 11 மி.மீ. பள்ளமா, அகலமான வீவர் வகையா என்று பார்த்து அதற்கேற்ற வளையம் வாங்க வேண்டும்.

சப்ரசர் அந்த ஊர்ப் பண்ணைகளில் சாதாரணமாகப் புழங்கும் பொருள். சப்சானிக் தோட்டாவோடு சேர்ந்தால் காதுக்கும் நல்லது, அக்கம்பக்கத்துக்கும் நல்லது.

படி 7: எந்தத் தோட்டா அதற்குப் பிடிக்கும் என்று பாருங்கள்

ஒரே மாதிரி இரண்டு .22 இருந்தாலும் ஒன்றுக்குப் பிடிக்கும் தோட்டா மற்றதற்குப் பிடிக்காது. அதனால் முதலிலேயே 500 தோட்டா வாங்கிவிடாதீர்கள். மூன்று நான்கு வகையில் ஐம்பது ஐம்பதாக வாங்குங்கள். காற்றில்லாத காலையில், மணல் மூட்டையில் ரைஃபிளை வைத்து, 50 மீட்டரில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஐந்து துளையும் இரண்டரை செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தால் அந்தத் தோட்டாதான் உங்களுக்கு.

பிறகு அந்தத் தோட்டாவுக்கு 50 மீட்டரில் குறியைச் சரி செய்யுங்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக் அந்தத் தூரத்தில் சுமார் மூன்றரை மி.மீ. நகர்த்தும். மூன்று செ.மீ. கீழே விழுந்தால் எட்டு கிளிக் மேலே. 50-ல் சரியாக இருந்தால் சப்சானிக் குண்டு 75 மீட்டரில் நாலு விரற்கடை அளவு இறங்கும். 100 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு சாண். முயலின் தலை எவ்வளவு சின்னது என்று யோசியுங்கள். காயத்தோடு வளைக்குள் போய்க் கிடந்து சாகிற முயல் படும் பாட்டுக்கு நாம் ஒருபோதும் காரணமாகக் கூடாது. படுத்துச் சுட்டு எந்தத் தூரம் வரை ஐந்துக்கு ஐந்தும் முட்டை அளவு வட்டத்தில் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. அதற்கு அப்பால் முயல் நின்றால் ரைஃபிளைத் தூக்கவே வேண்டாம்.

படி 8: வயலில்

.22 சின்னது என்று அலட்சியம் வேண்டாம். மேல்நோக்கிச் சுட்டால் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடும். மெதுவாகப் போகும் ஈயக் குண்டு கல்லில் பட்டால் உடையாமல் தெறித்து வேறு திசையில் பறக்கும். ஒடாகோ மலைச்சரிவு முழுக்க சிஸ்ட் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. பாறை பின்னணியில் இருந்தால் சுடாதீர்கள். மண்மேடு பின்னால் வரும் கோணத்துக்கு நகர்ந்து போங்கள். படி 1-ல் குறித்து வைத்தது இதற்குத்தான்.

இருட்டில் விளக்கடித்து வேட்டையாடுவதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கண்கள் மின்னுவதை மட்டும் வைத்து அது முயல்தான் என்று முடிவு கட்டக் கூடாது. ஆட்டுக்குட்டிக்கும் நாய்க்கும் கண் மின்னும். முழு உருவம் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். சாயங்காலம், சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காற்றுக்கு எதிராக உட்கார்ந்தால் முயல் தானே மேய வரும். பருந்து, வல்லூறு வகைகளைச் சுடக் கூடாது. முயலைப் பிடிப்பதில் அவை நம் பக்கம்தான்.

வேலி தாண்டும்போதும் குவாட் பைக்கில் ஏறும்போதும் தோட்டாவை இறக்கி, போல்ட்டைத் திறந்து வையுங்கள். நஞ்சிரை வைத்த நிலத்து முயலைச் சமைக்கக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குழலை ஒருமுறை துடைத்து, போல்ட்டைக் கழற்றி, ரைஃபிளை இரும்புப் பெட்டியிலும் தோட்டாவைத் தனியாக வேறு பூட்டுக்குள்ளும் வையுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.