தண்ணீர் குடித்தாலே புரையேறிய அப்பாவுக்கு என்ன செய்தோம்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா இட்லியைச் சமாளித்துவிட்டார். தண்ணீர்தான் பிரச்சினை, ஒரு வாய் குடித்தாலே புரையேறும். அதைவிட எனக்குக் கவலை தந்தது அவர் குரல். குடித்து முடித்ததும் சளி கட்டியது போலக் கரகரவென்று கேட்கும்.

அதைச் சொன்னதும், பேச்சோடு விழுங்கும் சிக்கல்களையும் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட், குரல்நாண்களுக்கு மேல் நீர் தேங்கினால் அப்படிக் கேட்கும் என்றார். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த தண்ணீரையும் கூழையும் விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். திரையில் தெளிவாகத் தெரிந்தது: மூச்சுக்குழாய் வாசல் மூடுவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டு உள்ளே கசிகிறது. கூழ் மெதுவாக நகர்வதால் பாதை மூட நேரம் கிடைக்கிறது. தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொன்னார்கள். தண்ணீரும் ஒழுங்காக இறங்கியது! இது எல்லோருக்கும் பலிக்காது, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம். பரிசோதனை இல்லாமல் தயவுசெய்து முயலாதீர்கள்.

அப்புறம் வீட்டில் ரசம் சாதத்தை நிறுத்தினோம். பருக்கையும் நீரும் சேர்ந்து வந்தால் விழுங்குவது கஷ்டம். குழைத்த தயிர்சாதம், கெட்டிக் கஞ்சி, சின்னக் கரண்டி. சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்க விடவில்லை. இரவிலும் பல் தேய்த்துவிட்டோம். வாய்க்கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

இப்போது தாடையைத் தாழ்த்தி டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார். சிலருக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போகும். பக்கவாதம் வந்தவருக்கு அடிக்கடி காய்ச்சல், நெஞ்சுச்சளி என்றால் விழுங்கும் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.