குளக்கரையில் வாவல் சத்தத்தைக் கேட்பது எப்படி?

பொழுது அடைந்து கால் மணி நேரத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தங்கரைக்குப் போய் நில்லுங்கள். சின்ன வாவல்கள் வெட்டி வெட்டித் திரும்பிப் பறக்கும்; ஒரு சத்தமும் கேட்காது. கத்திக்கொண்டேதான் இருக்கின்றன. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் நம் காதுக்கு எட்டாது, அவ்வளவுதான். அந்தக் குரலைக் காதுக்கு எட்டும் அளவுக்கு இறக்கித் தரும் கருவி பேட் டிடெக்டர். பழகுவதற்கு, டயலில் வைத்த அலைவரிசையை ஒட்டி வரும் குரலை மட்டும் கேட்கவைக்கும் ஹெட்டரோடைன் வகையே போதும்.

கிளம்புமுன் டயலை 40 கிலோஹெர்ட்ஸில் வைத்து, மைக் அருகே இரண்டு விரல்களை உரசிப் பாருங்கள். கரகரவென்று கேட்டால் கருவி சரி.

கரையில் டயல் 45இல் இருக்கட்டும். மைக்கை நீர்ப்பரப்பின் மேல்பக்கமாக நீட்டுங்கள். 'டிக், டிக்' வந்ததும் டயலை மெல்லத் திருப்புங்கள். சத்தம் தடித்து 'டொப், டொப்' ஆகும் இடம்தான் அந்த வாவலின் குரல் பலமாக இருக்கும் அலைவரிசை.

இனி எண்ணைவிடத் தாளம் முக்கியம். இரை தேடும்போது நொடிக்குப் பத்து டிக் வாக்கில் வரும். பூச்சி இருப்பது தெரிந்து நெருங்கும்போது வேகம் ஏறி, கடைசியில் 'ட்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. அப்போது நொடிக்கு 150ஐத் தாண்டும். காரணம் எளிது. மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் பூச்சியின் எதிரொலி திரும்ப 20 மில்லிநொடி ஆகும், 35 சென்டிமீட்டரில் இரண்டே மில்லிநொடி. எதிரொலி வந்த பிறகே அடுத்த குரல் கொடுத்தால்தான் குழப்பமில்லை. அதனால் கிட்டே போகப் போக அடுக்கடுக்காகக் கத்த முடிகிறது. ஈசல் கிளம்பும் மழைவிட்ட அந்தியில் இந்த இழுப்பு அடிக்கடி விழும். பிடித்ததா, தவறவிட்டதா என்பதை மட்டும் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

தாளமே இல்லாமல் ஒரே இரைச்சலா? எல்இடி தெருவிளக்காகவோ புதருக்குள் இருக்கும் பூச்சியாகவோ இருக்கலாம். பத்தடி நகர்ந்து பாருங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றே மைக்கை நிறைத்துவிடும், மறைவாக நில்லுங்கள். இலைமூக்கு வாவல்களில் சில 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்துபவை. அந்த ஒலி காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், சில மீட்டருக்குள் வந்தால்தான் சிக்கும்.

மரத்தில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வாவலுக்குக் கருவியை நீட்டிவிட்டு 'பழுது' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அது எதிரொலியில் பறப்பதே இல்லை. கண்ணும் மூக்கும்தான் அதற்கு வழிகாட்டி.