சிகரெட் புகையில் காட்மியம், ஈயம் அளப்பது எப்படி

புகையிலையை அமிலத்தில் கரைத்து அளந்துவிட்டு அதையே புகையின் கணக்கு என்று சொல்லிவிடாதீர்கள். இலையில் இருக்கும் உலோகத்தில் ஒரு பங்கு சாம்பலில் நின்றுவிடும், ஒரு பங்கு பில்டரில், ஒரு பங்கு நுனியிலிருந்து சும்மா எழும் புகையோடு போய்விடும். புகையைப் பிடித்துத்தான் அளக்க வேண்டும்.

சிகரெட்டை 22 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருந்து, அப்புறம் புகைக்கும் மெஷினில் ஏற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 3308 என்ற சர்வதேசத் தர முறையில் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, 35 மில்லி, 2 விநாடி. கனடாவின் தீவிர முறையில் அரை நிமிடத்துக்கு ஒன்று, 55 மில்லி. இந்த இரண்டாவது முறையில் பில்டரைச் சுற்றியுள்ள பொடித் துளைகளையும் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். 'லைட்' சிகரெட் முதல் முறையில் நல்ல பிள்ளை வேஷம் போடுவது அந்தத் துளைகள் வழியாகக் காற்று கலப்பதால்தான். பிடிப்பவர் விரலும் உதடும் அதை மூடிவிடும் என்பது மெஷினுக்கு எங்கே தெரியும்? இரண்டு முறையிலும் ஓட்டுங்கள், எந்த எண் எந்த முறையில் வந்தது என்று எழுதி வையுங்கள்.

தார் அளக்கப் பயன்படும் 44 மி.மீ. கேம்பிரிட்ஜ் பேட் (கண்ணாடி இழை வடிகட்டி) இதற்கு ஆகாது, அந்தக் கண்ணாடி இழையிலேயே உலோகம் இருக்கிறது. குவார்ட்ஸ் குழாய்க்கு நடுவே உயர் மின்னழுத்தக் கம்பி வைத்த கருவிதான் சரி. புகைத்துகள் குழாயின் உள்சுவரில் பழுப்பாகப் படியும். பாதரசத்தையும் அளப்பதாக இருந்தால், அது ஆவியாகத் தப்பிவிடும், அதைப் பிடிக்கக் குழாய்க்குப் பின்னால் அமிலம் கலந்த பெர்மாங்கனேட் குப்பி வேண்டும்.

படிவை மெத்தனாலால் கழுவி எடுத்து, மெத்தனால் சுத்தமாக ஆவியான பிறகுதான் நைட்ரிக் அமிலம் ஊற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் வெடிக்கும், விளையாட்டில்லை. அப்புறம் பெராக்சைடு சேர்த்து, மைக்ரோவேவில் சூடாக்கிக் கரைத்து, கடைசியில் ஐ.சி.பி.எம்.எஸ். (ஆர்கான் பிளாஸ்மாவில் அணுக்களை அயனியாக்கி நிறையை வைத்து எண்ணும் கருவி). ஆர்சனிக்கையும் பார்ப்பதாக இருந்தால், குளோரைடு ஆர்கானோடு சேர்ந்து அதே 75 என்ற நிறையில் வந்து ஏமாற்றும்; இந்தப் போலியை வடிகட்ட, கருவியில் உள்ள ஹீலியம் செல்லைப் போடுங்கள்.

பிளாங்க் (புகையே இல்லாத வெற்று ஓட்டம்) இல்லாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். பற்றவைக்காத சிகரெட்டை வைத்து அதே எண்ணிக்கை இழுப்பு ஓட்டி, அதையும் கரைத்து அளங்கள். கூடவே கென்டக்கி பல்கலைக்கழகத்தின் 1ஆர்6எஃப் என்ற, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தர சிகரெட்டையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். ஒரு தடவை எனக்கு ஈயம் எக்கச்சக்கமாக வந்தது, இரண்டு நாள் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிளாங்க்கைப் பார்த்தால் அதிலும் அதே அளவு. புதிதாகத் திறந்த அமில பாட்டில்தான் குற்றவாளி.